திரையில் நாவலடி

போர் முடிந்த அடுத்த வருடம் மேற்படிப்புக்காக நோர்வேக்குப் போனேன். கரையோரப் பொறியியல் வகுப்பில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். யாரோடும் ஒரு வார்த்தை பேசாமலே அறைக்குத் திரும்பிய நாட்கள் பல.

ஒருநாள் பேராசிரியர், சுனாமிக்கு முன்னும் பின்னும் எடுத்த இரண்டு வான்படங்களைத் திரையில் காட்டினார். கடலுக்கும் மட்டக்களப்பு வாவிக்கும் நடுவே ஒடுங்கிய மணல்திட்டு. எங்கள் நாவலடி! இரண்டாவது படத்தில் வெறும் மணலாகத் தெரிந்த இடத்தில்தான் சின்னம்மாவின் வீடு இருந்தது. “அலை எவ்வளவு துப்புரவாக அரித்திருக்கிறது, பாருங்கள்” என்றார் அவர். எல்லோரும் குறிப்பெடுத்தார்கள்.

நான் கையை உயர்த்தினேன். “அது என் ஊர். அங்கே என் சின்னம்மா இறந்துபோனார்” என்றேன். தண்ணீர் வந்த விதத்தையும், அது வாவிக்குள் பாய்ந்ததையும் தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில் சொன்னேன். எல்லோரும் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார்கள். ஆனால் மதியம் என் மேசைக்கு யாரும் வரவில்லை. என்ன பேசுவதென்று அவர்களுக்குத் தெரியவில்லை போலும்.

மாலையில் அம்மாவுக்குப் போன் எடுத்தேன்.

“அம்மா, இண்டைக்கு வகுப்பில சின்னம்மாவப் பத்திச் சொன்னன்.”

 “அவள்ற பேரச் சொன்னியா புள்ள?” என்று கேட்டார் அம்மா.

“இல்லம்மா.”

“பேரச் சொல்லு.”

அடுத்த வகுப்பில் எழுந்து பெயரைச் சொன்னேன். பேராசிரியர் சொல்லிப் பார்த்தார், நாக்குப் புரளவில்லை. எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொடுத்தேன்.