இட்லிப் பானையில் மூன்று தங்கமீன்கள்

குண்டசாலையில் ஒருவரிடம் பழைய மீன்தொட்டி வாங்கினோம். வீட்டுக்கு வந்த நாளிலிருந்து மேசையெல்லாம் தண்ணீர்.

தொட்டி ஒழுகுகிறது என்று அப்பா இரண்டு தடவை மூலைகளில் சிலிக்கன் பூசினார். அது காயும்வரை என் தங்கமீன்கள் அம்மாவின் இட்லிப் பானையில் இருந்தன.

இன்று காலை அம்மா சொன்னார்: "நாளைக்கு எனக்குப் பானை வேணும். மீன் உள்ள இருந்தாலும் அடுப்புல ஏத்திருவேன்."

பாடசாலையில் எனக்கு ஒரு பாடமும் மனதில் ஏறவில்லை. விட்டதும் மழையில் நனைந்தபடி ஓடிவந்தேன்.

காயவைத்த வெற்றுத் தொட்டியில் நான்கு விரல் உயரத்துக்குத் தண்ணீர்!

"அப்பா, தண்ணி ஊத்தினீங்களா?"

"நான் இப்பதாம்மா கடையிலிருந்து வாறேன்."

அப்போது என் தலையில் ஒரு சொட்டு விழுந்தது. இருவரும் அண்ணாந்து பார்த்தோம். ஒழுகியது கூரைத் தகரம். இத்தனை நாளும் நிறைந்த தொட்டியில் மழை விழுந்து, மேசைக்கு வழிந்திருக்கிறது.

"தொட்டி ஒரு சொட்டு விடல, பார்த்தியா? என் வேல அப்படி!" என்றார் அப்பா.

தொட்டியைத் தள்ளி வைத்து மீன்களை விட்டோம். பானையைத் தேய்த்துக் கழுவி அம்மாவிடம் கொடுத்தேன். அவர் கூரையைப் பார்த்தார். பிறகு பானையை அந்தச் சொட்டுக்கு நேர் கீழே வைத்தார்.

"இத விட்டா வேற பெரிய பானை எங்க இருக்கு?"

நாளைக் காலை எங்களுக்கு இட்லி இல்லை, கடையில் வாங்கும் பாண் ரொட்டிதான். கூரைக்குச் சிலிக்கன் பூசலாமா? தெரிந்தவர்கள் எனக்குச் சொல்லுங்கள், அப்பாவுக்கு மட்டும் சொல்லிவிடாதீர்கள்.