முடிவைச் சொல்லிவிடும் அக்கா

அந்த மாதம் நூலகத்தில் ஏழு நாவல்கள் எடுத்தேன். ஏழின் சுவையையும் கெடுத்தவர் அங்கே திகதி முத்திரை குத்தும் அக்காதான். மெலிந்த உருவம், கழுத்தில் தொங்கும் கண்ணாடி. கடைசிப் பக்கத்தைப் புரட்டி, “இவள் செத்திருவாள், தம்பி” என்று சொல்லித்தான் புத்தகத்தைத் தருவார். கல்லடிப் பாலம் நெடுகத் திட்டிக்கொண்டே சைக்கிள் மிதிப்பேன்.

எட்டாவது நாவலை நீட்டியபோது கத்திவிட்டேன். “முடிவச் சொல்லாதீங்க அக்கா! தெரியாம வாசிக்கிறதிலதான் சுவையே இருக்கு.”

முத்திரையை மேசையில் ஓங்கி வைத்தார்.

“சுவையா? சண்டைக் காலத்தில என்ட மனிசனப் புடிச்சிட்டுப் போய் முப்பது வருசம். இருக்காரா, இல்லையா எண்டு ஒருத்தனும் சொல்றானில்ல. முடிவு தெரியாம ஒருநாள் இருந்து பாருங்க!”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் திகதி குத்தி, அந்த நாவலின் முடிவையும் அதே கோபத்தோடு சொன்னார். கடைசிச் சொல்வரை கேட்டுக்கொண்டு நின்றேன்.