வசந்தம் வரைக்குமான விதை

எண்பத்தேழு மே மாதம், நியூசிலாந்தின் ஆக்லாந்து. இங்கே மே என்றால் குளிர்காலம் நெருங்கிவிட்டது. வெளியே மழை. விதைக்கடைக்குள் நிற்கிறோம்: நான், நான் விருந்தாளியாகத் தங்கியிருக்கும் வீட்டின் யாழ்ப்பாணத்துப் புஷ்பம் அக்கா, அவர் கணவர் சிவம். சான்ட்ரிங்ஹாம் பகுதியில் அவர்களுடைய வாடகை வீட்டுப் பின்பக்கம் கத்தரியைப் பிடுங்கிய மண் வெறுமையாகக் கிடக்கிறது. குளிர்கால மழை அதை அரித்துப்போகாமல் இருக்கப் பசுந்தாள் உரம் விதைக்க வேண்டும்.

கடுகு சீக்கிரம் வளர்ந்துவிடும் என்கிறார் கடைக்காரர். லூப்பின் பயறு இனம், மண்ணுக்குச் சத்து. ஆனால் அதை மடக்கிப் புதைக்க வசந்தம் வர வேண்டும்.

"கடுகு காணும்," என்கிறார் சிவம். "விசா இன்னும் வரேல்லை. வசந்தத்துக்கு எங்க இருப்பமோ?"

தஞ்சாவூர் வேளாண்மை அலுவலகத்தில் நாற்காலியை மட்டுமே தேய்த்த அனுபவத்தில் நானும் வாய் திறக்கிறேன். "ஆமாக்கா, கடுகுன்னா மிச்சத்தைத் தாளிக்கவாச்சும் செய்யலாம்."

"தம்பி, நீர் சும்மா இரும்." அக்கா கணவர் பக்கம் திரும்புகிறார். "இஞ்சருங்கோ, விசா விசா எண்டு போன குளிருக்கும் மண்ணை மழைக்குக் குடுத்தாச்சு. இந்தமுறை குடுக்கமாட்டன். லூப்பின்தான்."

"திருப்பி அனுப்பினாங்கள் எண்டால்?"

"வந்து கேட்கட்டும். பயிர் நிக்குது, கொத்திப் புதைச்சிட்டுத்தான் கதைப்பன் எண்டு சொல்லுறன்."

அக்கா சுவரோரம் இருந்த மண்வெட்டி ஒன்றை எடுத்து ஊன்றிப் பார்க்கிறார்.

"அது இப்ப என்னத்துக்கு?" என்கிறார் சிவம்.

"வசந்தத்தில கொத்த."

விதைப் பையை என் தோளில் ஏற்றிவிட்டு, மண்வெட்டியை யாரிடமும் கொடுக்காமல் அவரே தூக்கிக்கொண்டு மழைக்குள் இறங்குகிறார்.