தோலில் தைத்த முட்டிக் கவசம்

சொல்யூஷன் டப்பாவைத் திறந்தால் முதலில் மூக்கு எரியும். பிறகு ஒரு இனிப்பு, பிறகு தலை லேசாகும். தாராவியில் தோல் பை தைக்கிற எங்கள் பட்டறையில் இருபது வருடமாக நான் சுவாசிக்கிற பசை. மற்றவர்களுக்கு அது வேலையின் வாசனை. எனக்கு மட்டும் ஐந்து வருடமாக அது ஒரு முட்டியின் வாசனை. என் மகளின் வலது முட்டி.

அவளுக்கு அப்போது பதினேழு. ஸ்கேட்போர்டு வாங்க காட்கோபருக்குப் போனோம். கடைக்காரர் எங்கள் திருநெல்வேலிப் பக்கம்தான். சக்கரத்தை நகத்தால் அழுத்திக் காட்டினார். தெருவுக்கு மெத்தென்று வேண்டுமாம், சிமெண்டுச் சரிவுக்குக் கெட்டியாக வேண்டுமாம். மகள் இரண்டுக்கும் நடுவில் ஒன்றை எடுத்தாள். ஹெல்மெட்டை மாட்டி, கண்ணாடி முன்னால் போய்த் தலையை உதறி உதறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில்தான் அவர் முட்டிக் கவசத்தை எடுத்து வைத்தார். முன்பக்கம் கெட்டி பிளாஸ்டிக். விரலை மடக்கித் தட்டினேன்.

"என்ன பாய், பக்கெட் மூடி மாதிரி இருக்கு?"

"அண்ணாச்சி, அந்த மூடிதான் விஷயமே. சரிவுல தடுமாறினா முட்டி போட்டு அப்படியே வழுக்கிட்டு இறங்கணும்."

"நான் தோல்லயே தைச்சுக்கிடுதேன்."

"தோலு சிமெண்டைக் கவ்விக்கிடும் அண்ணாச்சி. கால் அங்கனயே நிக்கும், உடம்பு மட்டும் போவும்."

"தோலப் பத்தி எனக்கே பாடமா?"

சிரித்தேன். அவரும் சிரித்துவிட்டுப் பெட்டியை மேல் தட்டில் வைத்துவிட்டார். மகள் கண்ணாடியிலிருந்து திரும்பினாள். ஹெல்மெட்டும் மணிக்கட்டுக் கவசமும் மட்டும் வாங்கிக்கொண்டு வந்தோம்.

முட்டிக் கவசத்தைப் பட்டறையில் நானே தைத்தேன். நல்ல கன்றுத்தோல். உள்ளே சொல்யூஷன் போட்டு ஒட்டிய இரண்டு அடுக்கு ஃபோம், ஓரமெல்லாம் இரட்டைத் தையல். அதுவரை எந்தப் பைக்கும் அவ்வளவு பார்த்துப் பார்த்துத் தைத்ததில்லை. மாட்டிக்கொண்டு குதித்துப் பார்த்தாள்.

"செமயா இருக்குப்பா. சறுக்குமா இது?"

"வெண்ணெய் கணக்கா சறுக்கும் ஏட்டி."

சொல்லிவிட்டு மேலே மெழுகு தேய்த்தேன். யாருக்காகத் தேய்த்தேன், அவளுக்கா, அந்தக் கடைக்காரருக்கா?

நான்கு மாதம் மாட்டுங்காவின் காலைத் தெருக்களில் ஓட்டினாள். தெருவில் தடுமாறினால் பலகையை விட்டுக் காலில் குதித்துவிடுவாள், முட்டிக்கு வேலையே வரவில்லை. மழையில் நனைந்து வந்தால் பேரிங்குகளைக் கழற்றித் தின்னரில் அலசி, காயவைத்து, ஒவ்வொரு சொட்டு எண்ணெய் விடுவேன். ஒரு பக்கம் தேய்ந்த சக்கரங்களை இடம் மாற்றுவேன். பலகையில் விரிசல் உண்டா என்று தடவிப் பார்ப்பேன்.

"யப்பா, இந்தப் போர்டைக் கொஞ்சுத மாதிரி என்னை ஒரு நாள் கொஞ்சியிருக்கீங்களா?"

"அது எதுத்துப் பேசல ஏட்டி."

பிறகு ஒரு ஞாயிறு, ஐரோலிப் பக்கம் ஒரு பூங்காவில், முதன்முதலாகச் சிமெண்டுச் சரிவு. மற்றவர்கள் பாதியில் தடுமாறி, முட்டி போட்டு, சர்ரென்று வழுக்கி இறங்கி, சிரித்தபடி எழுந்து போனார்கள். என் மகளும் அவர்களைப் போலத்தான் முட்டி போட்டாள். சர்ரென்ற சத்தம் வரவில்லை. தோல் பிடித்துக்கொண்டது. முட்டி நின்ற இடத்தில் நிற்க, அவள் அதைத் தாண்டிப் போனாள்.

உள்ளே ஜவ்வு அறுந்துவிட்டது என்றார் டாக்டர். எப்படி விழுந்தாய் என்று கேட்டார். "மேரேகோ கிர்னா நை ஆயா" என்றாள். எனக்கு விழத் தெரியவில்லை என்று. நான் பக்கத்தில்தான் நின்றேன், அவளுடைய ஹெல்மெட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு.

அன்று மாலையே பட்டறைக்குப் போனேன். தோலில் சிமெண்டுப் பொடி பல் பதித்த மாதிரி இறங்கியிருந்தது. கத்திரியால் நறுக்கிக் கழிவு மூட்டைக்குள் அமுக்கினேன். அவள் வீட்டுக்கு வருவதற்குள் அது இல்லை. அவளும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

ஆபரேஷனுக்குப் பிறகு மாடி ஏறினாள், ரயில் ஏறினாள். பலகையில் மட்டும் ஏறவில்லை. தோழிகள் கூப்பிட்டால், "எனக்கு விழ வராதுடி, விடு" என்பாள். ஒவ்வொரு முறையும் அடுத்த அறையில் நான் இருந்தேன். ஒவ்வொரு முறையும் இப்போது சொல்லிவிடலாம் என்று எழுந்தேன். எழுந்து தண்ணீர் குடித்தேன்.

போன மாதம் அவளுக்குச் சென்னையில் வேலை கிடைத்தது, தாதர் ஸ்டேஷனில் வண்டி ஏற்றிவிடப் போனேன். பெட்டியை மேலே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஏட்டி, ஒண்ணு சொல்லணும்."

"டிக்கெட்டு, சாப்பாடு, சார்ஜர், எல்லாம் இருக்குப்பா."

"அதில்ல. அந்த முட்டி பேடு. தோலு பிடிச்சுக்கிடும்னு கடைக்காரர் அன்னைக்கே சொன்னாரு. நான்தான் கேக்கல. நீ சரியாத்தான் விழுந்த."

ஜன்னலைப் பார்த்தாள். பிறகு என்னை.

"அஞ்சு வருஷமாவா?"

தலையாட்டினேன்.

"எனக்குத்தான் விழத் தெரியலன்னு எல்லார்ட்டயும் சொல்லிட்டுத் திரிஞ்சேன். நீங்க கேட்டுட்டே இருந்தீங்க."

வண்டி ஒருமுறை குலுங்கியது.

"இறங்குங்க," என்றாள். "வண்டி எடுத்துட்டான்."