அடியில் பேர் ஒட்டிய பாத்திரங்கள்

எல்ஃப்ரீதா பென்னர் யாரையும் கேட்டுக்கொண்டு உதவி செய்கிறவள் இல்லை. முப்பத்தொரு வருஷம் மானிடோபா பனியில் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டியவள். எந்தப் பிள்ளைக்காவது கையுறை இல்லையென்றால் தன்னுடையதைக் கழற்றி மாட்டிவிட்டு, அது வாயைத் திறப்பதற்குள் வண்டியை எடுத்துவிடுவாள். ஓய்வு பெற்றதும் ஊர்த் தேவாலயச் சபை, அகதிகளை வரவழைத்துக் குடியேற்றும் குழுவுக்கு அவளைத் தலைவியாக்கியது. அவளும் பஸ் ஓட்டுகிற வேகத்திலேயே அதையும் ஓட்டினாள்.

எரித்ரியாவிலிருந்து தப்பி, கம்பாலாவில் ஆறு வருஷம் அகதியாகக் காத்துக் கிடந்த அக்பெரெத், மார்ச் மாதம் சின்ன மகளோடு வந்து இறங்கினாள். வீடு, மெத்தை, பூட்ஸ் எல்லாம் தயார். சபைப் பெண்கள் முறை வைத்துச் சாப்பாடு கொண்டுபோனார்கள். பாத்திரத்தின் அடியில் காகித நாடா ஒட்டி அவரவர் பேரை எழுதியிருந்தார்கள். அந்த ஊரில் பாத்திரம் வீடு திரும்புவது அப்படித்தான்.

இந்தத் தடவை ஒன்றுகூடத் திரும்பவில்லை.

அக்பெரெத்தின் தங்கை ரிஷான் இன்னும் கம்பாலாவில்தான் இருந்தாள். சபை பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டால்தான் அவள் இங்கே வர வழி. ஞாயிற்றுக்கிழமை அதற்கு ஓட்டெடுப்பு. எல்ஃப்ரீதாவின் கொழுந்தன் ஆர்னோ சனிக்கிழமையே ஆரம்பித்துவிட்டான்.

"அஞ்சு வாரமாச்சு அண்ணி. என் பொண்டாட்டியோட நல்ல பாத்திரம் நாலு போச்சு. நம்ம சாப்பாடே அவங்களுக்கு இறங்கல. போன தடவை நாம கூட்டிட்டு வந்த குடும்பம் மாதிரி மூணே மாசத்துல டொரோண்டோவுக்கு மூட்டையைக் கட்டிடுவாங்க. இதுல தங்கச்சி வேறயா?"

"வாயை மூடுறா!" என்றாள். ஆனால் ஆர்னோ பேச்சுக்குத் தலையாட்ட சபையில் பாதிப்பேர் இருக்கிறார்கள். நாளைக்கு ஓட்டு தோற்றால் அக்பெரெத்தின் முகத்தில் எப்படி விழிப்பது?

கையோடு ஒரு தட்டு வரெனிக்கி எடுத்துக்கொண்டு அக்பெரெத் வீட்டுக்குப் போனாள். பாலாடைக்கட்டிப் பூரணம் வைத்த கொழுக்கட்டை, மேலே க்ரீம் குழம்பு. போனவள் வழக்கம்போல யாரையும் கேட்காமல் ஃப்ரீசரைத் திறந்தாள். உள்ளே சபையின் பாத்திரம் அத்தனையும் மூடி திறக்காமல் உறைந்து கிடந்தன. அவளுக்கு முகம் விழுந்துவிட்டது.

"ஒரு வாய்கூடத் தொடலையா அக்பெரெத்?"

"அக்கா, நோன்பு. ஈஸ்டர் வரைக்கும் கறி, பால், முட்டை எதுவும் ஆகாது."

"ஈஸ்டர் முடிஞ்சு மூணு வாரமாச்சேம்மா!"

"உங்களுது முடிஞ்சுது. எங்க சபைக் காலண்டர் வேற, எங்களுக்கு இன்னும் பதினஞ்சு நாள் இருக்கு."

"அட கடவுளே! அப்ப இத்தனை நாளா என்னத்தைத்தான் சாப்பிட்டீங்க?"

"பருப்பு. உருளைக்கிழங்கு."

"வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"அன்பா குடுக்கிறவங்க கையைத் தட்டி விடுறதா?"

"பாத்திரத்தையாவது குடுத்திருக்கலாமில்ல?"

அக்பெரெத் பதறிப்போனாள். "வெறும் பாத்திரமாவா? ஐயோ, அசிங்கம் அக்கா! ஈஸ்டருக்கு உங்க சாப்பாட்டைச் சாப்பிட்டுட்டு, கறி சமைச்சு நிரப்பித் தரலாம்னு இருந்தேன்."

எல்ஃப்ரீதாவுக்கு வயிற்றில் பாலை வார்த்தது போல இருந்தது. அப்படியே சமையலறைத் தரையில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

மறுநாள் சபையில் எழுந்து நின்றாள். "அவங்க மேல தப்பு இல்ல. கொண்டுபோய்க் கொண்டுபோய்க் கொட்டினோமே, என்ன சாப்பிடுவீங்கன்னு நம்மள்ல ஒருத்தர் கேட்டோமா? குழுத் தலைவி நான்தான், நானும் கேக்கல." கதையைச் சொன்னதும் சபை முழுக்க ஒரே சிரிப்பு. ஆர்னோ மட்டும் சிரிக்கவில்லை. காது சிவக்கக் குனிந்து உட்கார்ந்திருந்தான். ஓட்டுக்குக் கைகள் உயர்ந்தன. அவன் கை கடைசியாக எழுந்தது, ஆனாலும் எழுந்தது.

பதினான்காம் நாள், அக்பெரெத்தின் ஈஸ்டர். சபைச் சமையலறைக்குப் பாத்திரம் எல்லாம் சிவக்கச் சிவக்கக் கறிக்குழம்போடு வந்து சேர்ந்தன. ஆர்னோ மூக்கு ஒழுக ஒழுக மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டான்.

கழுவி அடுக்கும்போது நீல மூடி போட்ட புதுப் பாத்திரம் ஒன்று எல்ஃப்ரீதாவின் கையில் அகப்பட்டது. யாருடையதென்று கவிழ்த்துப் பார்த்தாள். அடியில் காகித நாடா. ஆர்னோவின் கோணல் கையெழுத்தில் 'ரிஷான்' என்று இருந்தது.

"ஏன்டா, அவ வந்து சேர இன்னும் ரெண்டு வருஷம் ஆகுமேடா!"

"ஆகட்டும் அண்ணி. பாத்திரம் என்ன, கெட்டா போயிடும்?"