சத்தியத்துக்குப் போட்ட ஓட்டு

பாகூர் ஏரிக்கரையில் குடிசை போட்டிருக்கிற இருளர்கள் சொன்ன சொல் தவற மாட்டார்கள் என்று சுற்றுவட்டாரமே மெச்சும். மெச்சுகிறவர்கள் அந்தக் குணத்தைத் தாங்கள் வைத்துக்கொள்வதில்லை என்பது வேறு விஷயம்.

கஸ்தூரியும் அவர்களில் ஒருத்தி. வரப்பில் எலி பிடிப்பாள், ஏரியில் மீன் பிடிப்பாள். கரையைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்திருந்தது. குடிசை போனால் மகள் அபிதாவோடு போய் நிற்க அவளுக்குக் கையகல மண் கிடையாது.

அது தேர்தல் நேரம். அவள் மனசெல்லாம் அருள்மொழி பக்கம். அபிதாவுக்குச் சாதிச் சான்றிதழ் வாங்கித்தர நடையாய் நடந்தவள் அருள்மொழிதான். இப்போது எதிர்க்கட்சிக்கு ஓட்டுக் கேட்டு வந்தாள். ஆனால், நிலக்காரர் பலராமன் முந்திக்கொண்டார். தன் கட்சி ஆள் ஜெயித்தால் ஒரு குடிசைமேலும் கை வைக்க விடமாட்டார் என்று சொல்லி, வேப்பமரத்தடிக் கன்னியம்மா முன்னால் கற்பூரம் ஏற்றி, அவருக்கே ஓட்டுப் போடுவதாக எல்லோரையும் சத்தியம் செய்ய வைத்தார். மற்ற தெருக்களில் அவர் இப்படி மெனக்கெடவில்லை. அங்கே சத்தியம் கற்பூரம் அணையும் வரைக்கும்தான் என்று அவருக்குத் தெரியும்.

ஓட்டு மெஷின் முன்னால் கஸ்தூரியின் விரல் அருள்மொழி சொன்ன சின்னத்துக்குத்தான் போனது. சத்தியம் தவறினால் கன்னியம்மா பிள்ளையைக் காவு கேட்டுவிடுவாளோ என்ற பயம் இழுத்துப் பிடித்தது. பலராமன் சொன்னதை அழுத்தினாள். வெளியே வந்து அழுதாள்.

அவர் ஆள் ஜெயித்தார். ஆறு கடக்கும்வரைதான் அண்ணன் தம்பி. அடுத்த மாதமே கரைக்கு ஜேசிபி வந்தது. கஸ்தூரி பலராமன் வீட்டுக்கு ஓடினாள்.

"அய்யா, வூட்ட இடிக்கிறாங்க. கன்னியம்மா மேல சத்தியம் பண்ணித்தான ஓட்டு போட்டோம்."

"சத்தியம் பண்ணது நீங்கடி. நாங்க எங்க பண்ணோம்?"

யோசித்துப் பார்த்தாள். வாஸ்தவம்தான். கற்பூரத்தின்மேல் நீண்ட கைகளில் ஒன்றுகூட அவர் பக்கத்துக் கை இல்லை. அன்றைக்கே இது தோன்றாமல் போயிற்றே என்று நொந்தபடி கரைக்கு ஓடினாள்.

திரும்பி வருவதற்குள் பக்கத்துக் குடிசைகள் தரைமட்டம். அவள் குடிசைக்கு முன்னால் ஜேசிபியை மறித்துக்கொண்டு அருள்மொழி நின்றிருந்தாள். சாமான் எடுக்கவாவது நேரம் கொடுங்கள் என்று அதிகாரியிடம் மன்றாடிக்கொண்டிருந்தாள். கஸ்தூரிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"நீ சொன்னதுக்கு நான் ஓட்டு போடலக்கா."

"தெரியும்டி. மொதல்ல சாமான எடு."

கஸ்தூரி உள்ளே போனாள். எதை எடுப்பது, எடுத்து எங்கே கொண்டுபோவது என்று தெரியாமல் நடுவீட்டில் நின்றாள்.