செல்லசாமி ஓட்டிய சிவப்புக் கார்

என் தம்பி செல்லசாமியைப் போல ஒரு சாரதி அக்கரப்பத்தனைப் பக்கத்தில் இல்லை. அண்ணன் என்பதற்காகச் சொல்லவில்லை. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் எந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் என்றாலும், லயத்து வீட்டிலிருந்து கோயிலுக்கு அவனுடைய வேனில்தான் போவாள். துடைத்த கண்ணாடி, முன்னும் பின்னும் செவ்வந்தி மாலை, சில்லுகளுக்கு அடியில் எலுமிச்சம்பழம். அந்த இடத்தை இன்னொருவன் பிடித்தால் அவனுக்குத் தாங்காது. சின்ன வயதிலேயே அப்படித்தான். எனக்குப் புதுச்சட்டை தைத்தால் அவனுக்குக் காய்ச்சல் வரும்.

போன வருடம் ஹாட்டனில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் பைஸர், ஏற்கெனவே யாரோ பாவித்த இத்தாலிக் கார் ஒன்றைக் கொழும்பிலிருந்து கொண்டுவந்தான். சின்னச் சிவப்புக் கார், இரண்டே கதவுகள். ஸ்டார்ட் செய்தால் உறுமும். தோல் சீட்டு; சுவிட்சைத் தட்டினால் சீட்டே சூடாகும். எங்கள் குளிரில் அதற்கு யார்தான் ஆசைப்படமாட்டார்கள்? என் மகள் நிலக்ஷி தன் கல்யாணத்துக்கு அந்தக் கார்தான் வேண்டும் என்றாள். பைஸரும் சம்மதித்தான்.

அதன்பிறகு செல்லசாமி எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடிக்கவில்லை. என் மனைவி நாகலெட்சுமியைப் பிடித்துக்கொண்டான்.

“கதவு ரெண்டுதான் மதினி. பொண்ண என்ன ஜன்னல் வழியாவா ஏத்தப்போறீங்க?”

முன்சீட்டில் உட்காருவாள் என்றாள் அவள். அது அவனுக்கு இன்னும் எரிந்தது.

ஆனாலும் காருக்கு மாலை கட்டும் வேலையை அவன் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. வேனுக்குக் கட்டுவதைப் போலவே முன்னும் பின்னும் தொங்கவிட்டு, ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பார்த்தான்.

லயத்து வாசலில் வண்டி திருப்ப இடமில்லை. மேல்வளைவு வரை பின்னுக்கே போகவேண்டும். நிலக்ஷி ஏறியதும் பைஸர் ரிவர்ஸ் போட்டான். கார் கீச்சுக்கீச்சென்று கத்தத் தொடங்கியது. பின்னால் ஏதாவது இருந்தால் எச்சரிக்கும் கருவி அதில் இருந்தது. அதற்கு நேரே மாலை தொங்கியது. ஒரு பக்கம் தேயிலைச் சரிவு. பைஸர் பிரேக்கை மிதித்து நிறுத்திவிட்டான். பெண் ஏறிய வண்டியின் மாலையைக் கோயில் சேருமுன் கழற்றக்கூடாது என்பது எங்கள் வழக்கம். அதனால் ஒருவரும் அதில் கை வைக்கவில்லை. நல்ல நேரமோ போய்க்கொண்டிருந்தது.

“பொறாமையில வேணும்னே கட்டியிருக்கான்” என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள்.

செல்லசாமியின் முகம் கறுத்தது. போய்ச் சாரதிப் பக்கக் கதவைத் திறந்தான்.

“எறங்குங்க தம்பி. அது பூவுக்குப் பயந்து கத்துது. கத்தட்டும்.”

கத்தவிட்டே, கண்ணாடியை மட்டும் பார்த்து, ஒரு கொழுந்துகூட ஒடியாமல் வளைவு வரை ஏற்றினான். அங்கே இறங்குவான் என்று பைஸர் பின்னாலேயே நடந்து போனான். அவன் இறங்கவில்லை. நிலக்ஷியை அப்படியே கோயிலுக்குக் கொண்டுபோய்விட்டான். எங்களைச் செல்லசாமியின் வேனில் ஏற்றிக்கொண்டு பைஸர்தான் பின்னால் வந்தான்.

தாலி கட்டி முடிந்ததும் செல்லசாமி தன் வேனைப் போய்ப் பார்த்தான். பிறகு வந்து மறுபடியும் காருக்குள் உட்கார்ந்துகொண்டு என்னைக் கூப்பிட்டான்.

“பாருங்கண்ணே, என் வேன் சீட்ட பின்னுக்குத் தள்ளி வச்சிருக்கான். கண்ணாடியையும் திருப்பியிருக்கான். அடுத்தவன் வண்டின்னு ஒரு நெனப்பு வேணாமா?”

காரில் சீட்டைச் சூடாக்கும் சுவிட்சு போட்டபடியே இருந்தது. பைஸர் சாவிக்காக வெளியே நின்றான்.